கம்பெனி வந்த ஊரில் காலனிக்கு வீடு எங்கே?

(செம்பரம்பாக்கத்தில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘தொழில் வளர்ச்சியும் தலித் மக்களும்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் அதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப்போகிறேன். வீட்டு வாடகை. ஆய்வுக்காக இந்தப் பகுதியில் சுற்றும்போது இளைஞர்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது: “வேலை எப்படியோ கிடைச்சிருதுண்ணா, வீடுதான் கிடைக்க மாட்டேங்குது.” சொந்த ஊரில் இருந்துகொண்டு ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்றால் அது எப்படி நடந்தது என்று நாம் யோசிக்க வேண்டும்.

1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998-இல் முதல் கார் வெளியே வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். பிறகு வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், சுங்குவார்சத்திரம் என்று சிப்காட்டின் எல்லை நீண்டுகொண்டே போனது. 2014-இல் நோக்கியா கதவைச் சாத்தியது, ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். ஆனால் அதற்காக மனை விலை இறங்கவில்லை. 2022-இல் பரந்தூர் விமான நிலையத்தை அறிவித்தார்கள். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோ என்று திட்ட அறிக்கை தயாரானது. ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும் நெல் விளைந்த நிலத்தில் கலர் கொடி நடுகிறார்கள், கல் போடுகிறார்கள், வளைவு கட்டுகிறார்கள். ரயில் வருவதற்குள் விலை வந்துவிடுகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. வெளியாட்கள் அதிகம் வந்து தங்கும் ஊர்களில் உலகம் முழுக்க இதே பேச்சுதான். ஸ்பெயினில் பார்சிலோனா என்று ஒரு நகரம். சுற்றுலாப் பயணிகள் குவியும் இடம். குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த வீட்டைப் பயணிக்கு நாள் வாடகைக்கு விட்டால் பல மடங்கு கிடைக்கிறது. உள்ளூர்க் குடும்பம் வெளியே போக வேண்டியதாகிறது. 2024-இல் அங்குள்ள மக்கள் தெருவில் இறங்கினார்கள். பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி அடித்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுற்றுலா வாடகைக்கு விடப்படும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்க மாட்டோம் என்று அந்த நகர நிர்வாகம் அறிவித்தது.

பார்சிலோனாவில் நாள் கணக்கு என்றால் இங்கே கட்டில் கணக்கு. ஒரு எளிய கணக்குப் போடுவோம். எண்ணிக்கை என்னுடையது, விளக்கத்துக்காகச் சொல்கிறேன். உங்கள் தெருவின் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு அறை உள்ள வீடு. ஒரு குடும்பம் அதற்கு மாதம் 8,000 ரூபாய் தர முடியும். அதே வீட்டில் பத்துக் கட்டில் போட்டு, தலைக்கு 2,000 என்று காண்டிராக்டரிடம் விட்டால் 20,000. காண்டிராக்டர் மொத்தமாக அட்வான்ஸ் கொடுப்பார். சுண்ணாம்பு அடிக்கச் சொல்ல மாட்டார். தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு நிற்க மாட்டார். வீட்டுக்காரருக்கு எது வசதி? இதில் யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கணக்கே குடும்பத்தை வெளியே தள்ளிவிடும்.

இதுவரைக்கும் பார்சிலோனாவும் ஒரகடமும் ஒன்று. இதற்கு மேல் நம் கதை வேறு. அங்கே ‘உள்ளூர்க்காரர்’ என்ற சொல்லை எல்லோரும் ஒரே பொருளில் சொல்ல முடிகிறது. இங்கே முடியாது. இங்கே ஊர் இரண்டு. ஊர் என்று ஒன்று, காலனி என்று ஒன்று. விலை ஏறும்போது ஊரில் பட்டா உள்ளவருக்கு அது சொத்து. காலனியில் இருப்பவருக்கு அது வாடகை.

மனை யார் கையில் இருந்தது?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு முறை இருந்தது. மிராசுதார் குடும்பங்கள் நிலத்துக்கு மட்டும் உரிமை கொண்டாடவில்லை. தரிசு நிலத்தை யாராவது பயிரிடக் கேட்டால் முதல் உரிமை மிராசுதாருக்குத்தான். சேரி நின்றிருந்த நத்தத்தையும் தங்களுடையது என்றே சொன்னார்கள். இதன் பொருள் என்ன? வயலில் கூலி அதிகம் கேட்டால் குடிசையை இழக்க வேண்டியிருக்கும். வேறு நிலத்துக்கு வேலைக்குப் போனாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும் அதே மிரட்டல்தான். சாட்டையைவிட வலுவான ஆயுதமாகக் குடிசைக்குக் கீழே இருந்த மண் இருந்தது. ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த மனைச் சிக்கலை விரிவாகப் பேசுகிறது. வாய்ப்புள்ளவர்கள் தேடிப் படியுங்கள்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலத்தில் மிராசுதாருக்கு இருந்த முன்னுரிமையையும், மனை கையில் இல்லாததால் வரும் அடிமைத்தனத்தையும் அதில் காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். சென்னை மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் இருந்தது. நிலம் கை மாறியது.

அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் உயிரைக் கொடுத்தார்கள். அந்தக் காரணை எங்கே இருக்கிறது? மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில். இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ரிசார்ட்டும் பண்ணை வீடும் நிற்கிற பகுதி. நிலத்துக்குச் சுற்றுலா விலை வந்தாலும் கம்பெனி விலை வந்தாலும், கேள்வி கேட்டவருக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்.

1971-இல் குடியிருப்பு உடைமைச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகள் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கிய சட்டம் அது. 1978-இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தத் தனிச் சட்டம் வந்தது. நம் பகுதியில் பல காலனிகள் இப்படி வாங்கிய மனைகளில்தான் நிற்கின்றன. இதை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது. அந்த மூன்று சென்ட் இல்லையென்றால் நம்மில் பலர் இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டோம்.

ஆனால் மூன்று சென்ட் என்பது 1,300 சதுர அடி. தாத்தாவுக்குக் கொடுத்த மனை. அதில் அப்பாவும் சித்தப்பாவும் தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்தார்கள். இப்போது மூன்றாவது தலைமுறைக்குக் கல்யாணம் ஆகிறது. ஊரில் இருப்பவர் இடம் பத்தாவிட்டால் பின்பக்கத் தோட்டத்தில் கட்டுவார், அல்லது வயலில் ஒரு மூலையை மனையாக்குவார். காலனிக்குப் பின்பக்கம் என்பதே கிடையாது. ஒரு பக்கம் ஏரிக்கரை, ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், இன்னொரு பக்கம் கலர் கொடி. அரசு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி பட்டா இருக்கிறதா என்பது. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் மனை இருப்பவருக்குத்தான் வீடு. மனை இல்லாத மூன்றாவது தலைமுறை எந்தப் பட்டியலில் வருகிறது?

காசு இருந்தும் கிடைக்காத வீடு

சரி, வாடகைக்குப் போகலாம். கம்பெனிச் சம்பளம் வருகிறதே என்று கேட்பீர்கள். அங்கே விலைக்கு அடுத்ததாக இன்னொரு கதவு இருக்கிறது. வீடு பார்க்கப் போனால் யாரும் இன்றைக்கு “நீங்க என்ன சாதி” என்று நேராகக் கேட்பதில்லை. “எந்த ஊரு தம்பி? அந்த ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு? கவிச்சி சமைப்பீங்களா?” என்று கேட்பார்கள். எனக்கும் இது நடந்திருக்கிறது. மூன்றாவது கேள்வியோடு, “இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு” என்று பதில் வந்தது. ஒரு மாதம் கழித்தும் அந்த வாசலில் ‘வீடு வாடகைக்கு’ அட்டை தொங்கியது. இங்கே இருக்கிற பலருக்கும் இது புதுக் கதை இல்லை, தலையாட்டுகிறீர்கள்.

அண்ணலுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1917-இல் வெளிநாட்டில் படித்துவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் பெரிய வேலைக்கு வருகிறார். சம்பளம் இருக்கிறது. தங்க இடம் இல்லை. சாதியை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொல்கிறது. நண்பர்களிடம் கேட்கிறார், ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு பம்பாய்க்கு ரயில் ஏறுகிறார். இந்தச் சம்பவத்தை நாம் எப்போதும் அவமானத்தின் கதையாகவே சொல்கிறோம். அதில் பொருளாதாரப் பாடமும் இருக்கிறது. வேலை மட்டும் கிடைத்தால் போதாது. தங்க இடம் கிடைக்காதவர் அந்த வேலையையும் இழப்பார். பரோடாவில் அவர் இழந்தது அதைத்தான்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, பிறகு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தின் 4-ஆவது பிரிவைப் படியுங்கள். எந்தப் பகுதியிலும் வீடு கட்டவும் வாங்கவும் குடியிருக்கவும் தீண்டாமையின் பேரால் தடை போடுவது குற்றம் என்று அது சொல்கிறது. ஆனால் “அட்வான்ஸ் வாங்கிட்டேன்” என்ற ஒரு வார்த்தையை எந்தக் காவல் நிலையத்தில் எப்படி நிரூபிப்பது? டெல்லியில் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவும் வெவ்வேறு சாதி, மதப் பெயர்களில் வாடகை வீடு கேட்டு ஆய்வு செய்தார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு மறுப்பும் கூடுதல் நிபந்தனைகளும் வந்தன. 2015-இல் அது வெளியானது. அதே போன்ற ஆய்வை இந்த நெடுஞ்சாலையில் நாமே செய்யலாம். ஒரே வீடு, ஒரே சம்பளம், இரண்டு பெயர். பதில்களை எழுதி வையுங்கள். தனியாள் சொன்னால் புகார், நூறு வாசலில் எழுதினால் ஆதாரம்.

கோபத்தை யார் மேல் திருப்புவது?

இந்த நெருக்கடியை வைத்து ஒரு பேச்சு வேகமாகப் பரவுகிறது. “வடக்கன் வந்துட்டான், அதனாலதான் வாடகை ஏறிப்போச்சு.” நம் தோழர்கள் சிலரே இதைச் சொல்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பத்துக் கட்டில் போட்ட அறையில் படுத்திருப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களில் நிலமற்ற தலித்துகளும் பழங்குடிகளும் இருக்கிறார்கள். நமக்குச் செங்கல்பட்டு மிராசுதார் என்றால், அவருக்கு அங்கே ஒரு ஜமீன்தார். இரண்டு பேரும் மண் இல்லாமல்தான் இந்த ரோட்டுக்கு வந்தோம். அந்த 20,000 ரூபாய் அவர் பையில் இல்லை. அவர் பையிலிருந்து போனது அது. ‘மண்ணின் மைந்தர்’ என்று சொல்லும்போது, மண் யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். உள்ளூர்க்காரர் என்ற சொல்லுக்குள் வீட்டுக்காரரும் வீடற்றவரும் ஒன்றாக ஒளிந்துகொள்ள நாம் இடம் கொடுக்கக் கூடாது.

நிலம் இழந்த சிறு விவசாயிகளையும் நான் எதிர்ப்பக்கத்தில் நிறுத்தவில்லை. ஏகனாபுரம் மக்கள் விமான நிலையத்துக்கு எதிராக 2022 முதல் போராடி வந்தது நியாயமான போராட்டம். அங்கேயும் நாம் கேட்க வேண்டியது உண்டு. பட்டா உள்ளவருக்கு இழப்பீடு. அந்த நிலத்தில் நாற்று நட்ட கூலிக்கு என்ன? மேய்க்கால் புறம்போக்கில் மாடு மேய்த்தவருக்கு என்ன?

கட்டிலில் படுத்திருப்பவர்களில் நம் அக்கா தங்கைகளும் உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதி உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். நம் வாசல் வழியாகப் போகிற இதே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். நெருக்கிய அறை, தரையில் படுக்கை, ஒழுங்கான தண்ணீர் இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. ஊதியத்துக்கு முன்னால் அவர்கள் பேசியது சோற்றையும் படுக்கையையும் பற்றி.

அந்தப் போராட்டத்துக்குப் பிறகு அரசு அசைந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகள் கொண்ட பணியாளர் குடியிருப்பைத் திறந்தார்கள். இதிலிருந்து நாம் இரண்டு பாடம் எடுக்க வேண்டும். ஒன்று, அரசு நினைத்தால் சிப்காட் நிலத்தில் குடியிருப்பு கட்ட முடியும். ‘இடம் இல்லை’ என்பது இனிமேல் பதில் ஆகாது. இரண்டு, கட்டியது படுக்கை, வீடு இல்லை. கல்யாணம் ஆனால் படுக்கையைக் காலி செய்ய வேண்டும். திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று அதே ஆலையைப் பற்றி ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் செய்தி வெளியிட்டது; கம்பெனி அதை மறுத்தது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். குடும்பத்துக்கு இடமில்லாத குடியிருப்பு, குடும்பம் இல்லாத தொழிலாளியைத்தான் எதிர்பார்க்கும்.

என்ன கேட்கப்போகிறோம்?

ஒரு சட்டக் கதையைச் சொல்லிவிட்டுக் கோரிக்கைக்கு வருகிறேன். 2013-இல் மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. தமிழ்நாடு தன் மூன்று சட்டங்களை அதிலிருந்து விலக்கி வைத்தது: தொழிலுக்கு நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம், நெடுஞ்சாலைச் சட்டம், ஆதிதிராவிடர் மனைக்கான 1978-ஆம் ஆண்டுச் சட்டம். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. அரசு உடனே புதுச் சட்டம் போட்டு மூன்றையும் உயிர்ப்பித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கம்பெனிக்கு நிலம் எடுக்கும் அதிகாரத்தையும் காலனிக்கு மனை எடுக்கும் அதிகாரத்தையும் ஒரே கட்டாக அரசு காப்பாற்றிக்கொண்டது. அதிகாரம் இரண்டுக்கும் ஒன்றுபோல இருக்கிறது. வேகம் ஏன் ஒன்றுபோல இல்லை?

அதனால் நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று: இனி சிப்காட்டுக்கு எத்தனை ஏக்கர் எடுத்தாலும், அதில் ஒரு பங்கை அந்தந்த ஊராட்சியின் மனையற்ற குடும்பங்களுக்கு ஒதுக்க வேண்டும். காலனிக்குப் பின்னால் ஒதுக்குப்புறத்தில் இல்லாமல், சாலையும் பேருந்தும் உள்ள இடத்தில். பட்டா பெண்கள் பெயரில்.

இரண்டு: வல்லம் வடகால் மாதிரி அரசே வாடகைக் குடியிருப்பு கட்ட வேண்டும், குடும்பங்களுக்கும் சேர்த்து. உள்ளூர்த் தொழிலாளியும் ஒடிசாத் தொழிலாளியும் ஒரே மாடியில் இருக்கட்டும். அரசு வீட்டுக்குச் சாதி கேட்கிற வீட்டுக்காரர் கிடையாது.

மூன்று: 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் நியாய வாடகை என்று ஒன்று இருந்தது. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் வாடகையை ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. கட்டில் கணக்கில் விடும் வீடுகளையாவது ஊராட்சியில் பதிவு செய்து, எத்தனை பேர், எத்தனை கழிப்பறை என்று முறைப்படுத்த வேண்டும்.

நான்கு: 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து, சங்கம் வைக்கும் உரிமைக்காக நின்றார்கள். தொழிற்சங்கத் தோழர்களுக்கு என் வேண்டுகோள்: ஊதியப் பட்டியலோடு வாடகையையும் மேசை மேல் வையுங்கள். சம்பளத்தில் ஏற்றியதை வாடகையில் எடுத்துக்கொண்டால் நாம் வென்றது என்ன?

இவை எல்லாம் மேடையில் சொன்னால் வந்துவிடாது. இன்னும் இரண்டு வாரத்தில் மே 1 கிராம சபை. அதற்குள் செய்ய முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு காலனியிலும் நான்கு பேர் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். ஒரு மனையில் எத்தனை குடும்பம், பட்டா யார் பெயரில், எத்தனை பேர் வாடகைக்கு வெளியே போனார்கள், எத்தனை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று எழுதுங்கள். உங்கள் கிராமத்தின் பழைய ‘அ’ பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். யுடிஆர் கணக்குக்கு முந்தைய பதிவேடு வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பஞ்சமி என்ற குறிப்பு பல இடங்களில் காணாமல் போனது அந்தக் கணக்கு மாறியபோதுதான். எழுதிய நோட்டைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள்.

பட்டியல் எழுதும் வேலைக்கு நானும் வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏரிக்கரைத் தெருவிலிருந்து ஆரம்பிக்கலாம். நோட்டு நான் வாங்கி வருகிறேன்.